டீக்கடை சொல்தா

எங்கள் தெரு டீக்கடையில் சுவரோரம் வாசலைப் பார்த்த ஸ்டூல் அவருடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் நின்றே குடிப்பார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவரையும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

ஒருநாள் கேட்டேன்: "பிரான்சுல எந்த ஊர்ல இருந்தீங்க சார்?"

சிரித்துவிட்டார். "பிரான்ஸ மேப்புலதான் பாத்துருக்கேன் தம்பி. நான் நம்ம நாட்டு ஆர்மி. மாறுவேஷத்துல தீவிரவாதிங்கள தேடுற வேலை. வடக்க பனி விழுற ஊர்ல ரெண்டு வருஷம் இட்லி வித்தேன். தேடுன ஆளே வந்து ரெண்டு ப்ளேட் சாப்ட்டான்!"

"அப்புறம் ஏன் 'சொல்தா'ன்னு கூப்ட்டா திரும்பிப் பாக்குறீங்க?"

"அங்க ஒருத்தன நம்ப வைக்கவே ஆறு மாசம் ஆச்சு. இங்க நான் வாயே தொறக்கல, ஊரே நம்பிடுச்சு. அத ஏன் கெடுக்கணும்?"

அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர், "போன்ழூர் சொல்தா!" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்து டீயை நீட்டினார். கண் இமைக்காமல், "மெர்ஸி" என்று அதே பாஷையில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டு இட்லி மாவே பொங்காமல் கிடந்தபோதுதான் உறைத்தது: பனி விழுகிற ஊரில் அவருடைய இட்லி மாவு எப்படிப் புளித்தது?