பாக்கியம் அக்கா கேட்ட ஒரு வரி

நான் அன்றைக்கே சொன்னேன். செலண்டார் காப்பிக்கடையில், முதல் டச் போன் எங்கள் மேசைக்கு வந்த அன்றே... இது எல்லோர் கைக்கும் வந்தால், ஒரு ஆள் செத்தால்கூட எழுத நமக்கு ஒரு வார்த்தை இருக்காது என்று. அன்றைக்குச் சிரித்தவர்கள் இப்போது என் பிரண்ட் லிஸ்டில்தான் இருக்கிறார்கள்.

இன்று காலை பாக்கியம் அக்கா இறந்துவிட்டார்.

மலாக்காவில், பத்து பெரண்டாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்னோடு இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவர் பேக்கிங், நான் ஸ்டோர். ஸ்டோர் என்றால் சும்மா இல்லை, மேனேஜரே என்னைக் கேட்டுத்தான் கதவைத் திறப்பார்.

எங்கள் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. கீழே பார்த்தேன்... கும்பிட்ட கை, கும்பிட்ட கை, அழுகிற முகம், ஆர்ஐபி, கும்பிட்ட கை. யாரோ ஒருவர் கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. காரணம் இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்பு அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போனார். காலையில் வீடு வீடாக வந்து எங்களை ஏற்றிப்போகும் தொழிற்சாலை வேனை ஓட்டியவர். எல்லோருக்கும் மாமா. அக்கா குரூப்பில் போட்டதும் நான் கட்டைவிரலைப் போட்டேன். பார்த்துவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம்.

போகவும் செய்தேன். சவப்பெட்டியைத் தூக்கியதில் முன்பக்கம் நான்தான். அன்றைக்கு அங்கே அதிகம் பேசியதும் நான்தான். நான் பேசியதைக் கேட்டு அழாத ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்... மகள் சாந்தியைக் கார் எடுக்கச் சொல்லி, டுரியான் துங்காலிலிருந்து என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார் அக்கா. கையில் போன்.

"தம்பி, மாமா போயிட்டாருன்னு போட்டா நீ கட்டைவிரலக் காட்டியிருக்க. என்னா அர்த்தம் இது?"

மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று அக்காவுக்கு முக்கால்வாசிக் காது போய்விட்டது. அதனால் நான் கத்தித்தான் பதில் சொன்னேன். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடும் வெளியே வந்துவிட்டது.

"பாத்துட்டேன்னு அர்த்தம்க்கா."

"பாத்தது தெரியும்லா, நீலக் கலர்ல ரெண்டு டிக் வந்துச்சு. அன்னிக்கு அத்தன பேரு வந்து பேசுனீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. படிச்சாவது பாக்கலாம்னு குரூப்பத் தொறந்தா எல்லாம் கையும் விரலுமா இருக்கு. அவரப் பத்தி ஒரு வரி எழுது தம்பி. ஒரு வரி போதும்."

எழுதச் சொன்னது யாரை? என்னை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வாய்ஸ் மெசேஜ் வந்த பிறகு அந்த நாலு வகுப்பும் கரைந்துவிட்டது. என் வாய்ஸ் மலாக்கா முழுக்கப் பிரபலம்... தீபாவளி வாழ்த்தே ஏழு நிமிடம் ஓடும். அதே தைரியத்தில் அன்று சாயங்காலம் அக்காவுக்கும் ஒரு வாய்ஸ் அனுப்பினேன்.

பதில் எழுத்தில் வந்தது. 'காதில் விழவில்லை. எழுது.'

சரி என்று ஒருநாள் உட்கார்ந்தேன். 'அக்கா சாப்பிட்டாச்சா' என்று மட்டும்தான். அரிசி போட்டபோது ஆரம்பித்தேன், சோறு வெந்தபோது அனுப்பினேன்.

உடனே பதில். 'சாப்பிட்டேன் தம்பி. கருவாட்டுக் குழம்பு. புளி கூடிவிட்டது. நீ?'

அந்த 'நீ?'க்குப் பதில் எழுதாமல் இருக்க முடியுமா... எழுதினேன். மறுநாளும் ஒரு 'நீ?' வந்தது. அதற்கும் எழுதினேன். நாலு வருடம், ஒருநாள் தவறவில்லை. ஒருதடவை சோம்பலில் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினேன். 'இது சிரிக்கிறதா, அழுகிறதா? எனக்குத் தெரிகிற மாதிரி எழுது' என்று திரும்பி வந்தது.

இன்று என் போஸ்ட் வந்தால் ஜாசின் வரைக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் படிக்கிறார்கள். தலைவர்கள்கூட பேச்சு எழுதித் தரச் சொல்கிறார்கள், எனக்குத்தான் நேரமில்லை. இந்த விரல் அக்கா கொடுத்தது. நன்றி அக்கா.

மாமாவைப் பற்றியும் எழுதினேன். ஒரு வரி கேட்டார், ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அக்கா படித்துவிட்டு அழுதார். சாந்தியிடம் சொல்லிப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, மாமா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்...

இதைச் சாந்தி படிப்பாள். சுவரைப் பார்ப்பாள்.

சாந்தி, அப்படி ஒரு காகிதம் அங்கே இல்லை அம்மா. நான் எழுதவே இல்லை. மாமா திவசத்துக்குத் திவசம் உங்கள் அம்மா 'அந்த வரி என்ன ஆச்சு தம்பி?' என்று கேட்பார். 'நாளைக்கு அக்கா' என்று போடுவேன். கருவாட்டைப் பற்றி எழுத வந்தது. அதை மட்டும் எழுத வரவில்லை.

இப்போது எழுதுகிறேன்.

என் மனைவி எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த மூன்று மாதமும், அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு நான் வரும்வரை, ஹார்ன் அடிக்காமல் மாமா வேனை நிறுத்தி வைத்திருந்தார்.

அவ்வளவுதான் அக்கா. போய் அவரிடமே படித்துக் காட்டுங்கள்.