ஆஃப்ரா ஒளித்து வளர்த்த துலிப்

ஆஃப்ரா மாட்டுப்பண்ணைக் குடும்பத்துப் பெண். துலிப் வயல் வைத்திருந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வெர்வர்ஸ்ஹோஃப் கிராமத்துக்கு வந்த முதல் மே மாதம், மாமனார் பூத்து நின்ற வயலைக் காட்டி, எல்லாப் பூவையும் ஒடித்து வரப்பில் கொட்டச் சொன்னார். மனுஷன் ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். விதை பிடிக்க விட்டால் கிழங்கு சூம்பிவிடும், பூ நிறம் காட்டியதோடு அதன் வேலை முடிந்தது என்பதெல்லாம் போகப் போகத்தான் விளங்கியது. இருபது வருஷத்தில் ஊரிலேயே வேகமான கை அவளுடையதாகிவிட்டது. தலையை மட்டும் கட்டைவிரலால் ஒடிப்பாள். இலையில் ஒரு கீறல் விழாது. இலைதானே கிழங்குக்குச் சோறு போடுவது.

அவள் புருஷன் சைமனுக்குக் கண் கூர்மை. வரிசைக்குள் நடந்துகொண்டே நோய் பிடித்த செடியைக் கண்டுபிடித்துவிடுவான். அக்கம்பக்கத்து வயல்களுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இதழில் தீற்றல் தெரிந்தால் தீர்ந்தது, கிழங்கோடு பெயர்த்துப் பைக்குள் போட்டுவிடுவான். பாதிரியார் வீட்டு வாசலில் நின்ற துலிப்பையே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பிடுங்கியவன் அவன்.

1984 மே மாதம். சிவப்புத் துலிப் பாத்தியில் தலை ஒடித்துக்கொண்டே வந்த ஆஃப்ரா ஓரிடத்தில் நின்றுவிட்டாள். ஒரே ஒரு பூவின் விளிம்பு மட்டும் வெள்ளையாக, சீப்புப் பல் மாதிரி நறுக்கு நறுக்காக இருந்தது.

"என்ன, காப்பி நேரம் வந்துடுச்சா?" என்றபடி சைமன் பக்கத்தில் வந்தான். குனிந்து பார்த்தான். "வெள்ளை விழுந்திருக்கு. வைரஸ். பிடுங்கிடு."

"ஓரம் மட்டுந்தானே வெள்ளை? புதுசா மாறி வந்த பூவா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒரு அசுவினிப் பூச்சி இதுல உக்காந்துட்டு அதுல போய் உக்காந்தா, வர்ற வருஷம் பாதி வயல் போச்சு. பிடுங்கு, ஆஃப்ரா."

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். பிடுங்கினாள். ஆனால் பையில் போடவில்லை. மண் உதிராமல் வாளியில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடி, மறுநாள் சைக்கிளில் மாட்டிக்கொண்டு எங்க்ஹைசனுக்குக் கிளம்பினாள். அங்கே துறைமுகத்தருகே அவள் அக்கா ஹில்லி, புகைபோட்ட விலாங்கு மீன் விற்கும் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் செங்கல் சுவர் சூழ்ந்த சின்ன முற்றம். ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மற்றப் பக்கமெல்லாம் வீடுகள். கண்ணுக்கெட்டிய தூரம் துலிப் வயலே கிடையாது.

முற்றத்து மண்ணில் நட்டாள். நட்டதும் அந்த அழகான பூவைப் பட்டென்று ஒடித்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் ஹில்லி. "பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வந்தது இதுக்குத்தானா?"

"கிழங்கு பருக்கட்டும் அக்கா. இலையை மட்டும் தொட்டுடாதே. சைமன்கிட்ட வாய் விட்டுடாதே."

ஜூன் வந்தது. ஹில்லி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்குதுடி. பாக்கச் சகிக்கல. மீன் வாங்க வர்றவங்க 'என்ன செத்துக் கிடக்கு'ன்னு கேக்குறாங்க. வெட்டிடட்டுமா?"

"வெட்டின, உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். தண்ணி ஊத்துறியா?"

"தினமும் ஊத்துறேனே!"

"ஐயோ! நிறுத்து. அது தூங்கப் போகுது அக்கா. ஈரத்துல கிடந்தா அழுகிடும்."

இலை முழுக்கப் பழுத்துக் காய்ந்தபின் ஆஃப்ரா போய்த் தோண்டினாள். பழைய கிழங்கு உள்ளுக்குள்ளேயே கரைந்து, அந்த இடத்தில் பெரிசாக ஒன்று, ஒட்டிக்கொண்டு குட்டிகள் இரண்டு. மண்ணைத் தட்டி, காய்ந்த தோலை உரித்து, வலைத்தட்டில் பரப்பி, காற்றாடும் பரணில் வைத்தாள். நவம்பரில் திரும்ப நட்டாள். அடுத்த வசந்தத்தில் பெரிய கிழங்கு அதே விளிம்போடு பூத்தது. குட்டிகள் இலை மட்டும் விட்டன. அதற்கும் அடுத்த வருஷம் மூன்றும் பூத்தன. மூன்றும் அச்சு அசல் ஒன்றுபோல.

ஹில்லியின் பிறந்தநாள் ஏப்ரல் கடைசியில். வேலைக் காலம் என்று சைமன் எந்த வருஷமும் வரமாட்டான். அந்த வருஷம் குளிர் நீண்டு வயல் பூக்கத் தாமதமானதால் வந்துவிட்டான். அந்த ஊர் வழக்கப்படி வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, கேக் தட்டைக் கையில் வாங்கியதும், சுருட்டுப் பிடிக்க முற்றத்துக்குப் போனான். போனவன் வரவில்லை. ஆஃப்ரா எட்டிப் பார்த்தாள். கேக் தட்டு தரையில் கிடந்தது. சுவர்க் கதகதப்பில் வயலை முந்திப் பூத்துவிட்ட மூன்று செடிக்கும் முன்னால் சைமன் மண்டியிட்டு, ஒரு இதழை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நோயில்லை. நோய்னா மூணும் ஒரே மாதிரி வராது," என்றான், திரும்பாமலே. "எத்தனை வருஷமா?"

"ரெண்டு."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

சைமன் இதழை விட்டுவிட்டு எழுந்தான். "பிடுங்கியிருப்பேன்," என்றான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் முகம் தொங்கியே கிடந்தது. ஒரு வாரம் தேவைக்கு மேல் பேசவில்லை. எட்டாம் நாள் தானாகவே எங்க்ஹைசன் போய் மூன்று செடியிலும் இலை நறுக்கி எடுத்து, சோதனைக்கு அனுப்பினான். வைரஸ் இல்லை என்று பதில் வந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் தனிப் பாத்தி ஒன்றைக் கொத்த ஆரம்பித்தான்.

மூன்று ஏழாயிற்று, ஏழு பதினெட்டு. ஒரு முழுப் பாத்தி நிறையப் பன்னிரண்டு வருஷம் ஆனது. புதுத் துலிப் ரகமாகப் பதிவு செய்யும் படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் ஆஃப்ரா 'ஹில்லி' என்று எழுதினாள். அக்கா அந்தப் பூவின் படத்தை விலாங்குகளுக்கு மேலே மாட்டிவைத்து, தானே வளர்த்ததாக வருவோர் போவோரிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறாள்.

சைமன் இன்னமும் நோய் பார்க்கப் போகிறான். ஆனால் புரியாத பூ ஒன்றைக் கண்டால் உடனே பிடுங்குவதில்லை. வலைத்துணி போட்டு மூடிவிட்டு, "ஆஃப்ரா, ஒரு நடை வந்துட்டுப் போயேன்," என்று ஆள் விடுகிறான். இதுவரை ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறான். நான்கு வைரஸ்தான். ஐந்தாவது இளமஞ்சள், இதழ் முனை கூர்மையாக நீண்டது. அதைப் பிடுங்கச் சொல்ல ஆஃப்ராவுக்கும் வாய் வரவில்லை. தலையை மட்டும் ஒடித்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்க அடையாளமாகப் பக்கத்தில் குச்சி நட்டு வைத்திருக்கிறாள்.