ஜானா, ஜான்ஸா?

கனடாவின் நடுவில் இருக்கிற யார்க்டன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வெர்னா ஹ்ரின்கிவ். பனி கொட்டட்டும், காற்று ஆளைத் தூக்கட்டும், அவள் வண்டி வாசலில் வந்து நிற்கும். அப்படிப்பட்டவள் பக்கத்து மாகாணமான மானிடோபாவைத் தாண்டியதே இல்லை என்றால் யார் நம்புவார்? லீவு விட்டால் தோட்டம், தோட்டம் ஓய்ந்தால் பெரோகிக் கொழுக்கட்டை செய்து உறைபெட்டியை நிரப்புவது. வேறு எங்கே போக?

போக வேண்டி வந்தது. அவள் தூக்கி வளர்த்த தம்பி மைரன், நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கு, செயின்ட் ஜான்ஸ் நகரத்துக்கு, எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், இதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை. அங்கே அவனுக்கென்று ஒருவரும் இல்லை.

"உன்ன உள்ள கொண்டுபோறப்ப நான் பக்கத்துல நிப்பேன்டா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

விமான டிக்கெட் விலையைக் கேட்டவள், "பறக்கறதுக்கா, பிளேனையே வாங்கறதுக்கா?" என்று போனை வைத்தாள். நெடுந்தூரப் பேருந்தோ நின்றுபோய் வருஷங்களாகின்றன. ஏழைகள் எங்கும் போக மாட்டார்கள் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள் போல! அப்போதுதான் மளிகைக்கடைப் பலகையில் ஒரு விளம்பரச் சீட்டைப் பார்த்தாள். அல்பன் டூசே என்ற பழைய ரயில்வேக்காரர் சொந்த ஊருக்கே குடிபோய்விட்டார். அவர் விட்டுப்போன காரை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும், பெட்ரோல் அவர் செலவு.

போனில் ஊரைக் கேட்டாள். "செயின்ட் ஜான்" என்றார். கிழவருக்குப் பல்செட் தகராறு, கடைசி எழுத்தை முழுங்குகிறார் என்று முடிவுகட்டினாள் நம் புத்திசாலி.

ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தூக்கம் பின்சீட்டில், முகம் கழுவுவது லாரிக்காரர்கள் நிறுத்துகிற இடத்தில். ஒன்டாரியோ முடிவேனா என்றது. "இது மாகாணமா, தண்டனையா?" என்று ஏரியைப் பார்த்துத் திட்டினாள். விலாசத்தை முதலிலேயே போனில் போட்டாயிற்று. தீவுக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பது தெரியும். அதையும் போனே சொல்லும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மதியம் கடல் தெரிந்தது. ஒரு நீல வீட்டு முன்னால், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது போன். அல்பன் செருப்புக்காலோடு ஓடிவந்தார்.

"கப்பல் எங்கங்க ஏறணும்?"

"கப்பல் எதுக்கும்மா?"

"தீவுக்குத்தான். செயின்ட் ஜான்ஸுக்கு."

"அடக் கடவுளே! இது நியூ பிரன்ஸ்விக் மாகாணம்மா. இது செயின்ட் ஜான். நீ சொல்றது 'ஸ்' வெச்ச ஊரு. கடலத் தாண்டிப் போகணும், ரெண்டு நாளாவது ஆகுமே."

வெர்னா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனில் மைரனைக் கூப்பிட்டாள்.

"அக்கா! வந்துட்டியா? எங்க நிக்கிற?"

"செயின்ட் ஜான்ல."

"அதான், எந்தத் தெருவுல?"

"ஜான்ஸ் இல்லடா. ஜான்."

மைரன் சிரித்தான் பாருங்கள், நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்கு!

"ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் வாசல் தவறாம இறக்கிவிடுற டிரைவரம்மா! உன்னைய யாரு இறக்கிவிடுறது?"

"சிரிக்காதடா, நெஞ்சு வலிக்கும்." என்றாள் வெர்னா. "நாளைக்கு நான் பக்கத்துல இருக்க முடியாதுடா. சொன்ன சொல்லக் காப்பாத்தலியே."

இரைச்சலான அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த அல்பன் அவள் கையிலிருந்த சாவியை வாங்கி, காரின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும்மா. கப்பல்துறை வரைக்கும் நான் ஓட்டுறேன்."

போனில் மைரன் மூச்சு வாங்கினான். "அக்கா, கேக்குதா? ஒரு வாரமா செத்துருவேன், செத்துருவேன்னு அது ஒண்ணத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். இப்ப இந்தக் கதைய இந்த ஊர்ல ஒருத்தன் விடாம சொல்லியாகணும். அதுக்காவது எந்திரிக்கணும்ல? நீ பதறாம வா. நான் எங்கயும் போக மாட்டேன்."