குளிர் ஜக்கெற்றுகளுக்கு நடுவே

ஒக்டோபர் பதினோராம் திகதி, சனிக்கிழமை. காலையில் நடந்துவிட்டு வந்து, மீன் வாங்கி, வெட்டுவித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு, ஆண்டுதோறும் இந்த வாரத்தில் செய்வதுபோல, வாசலருகே உள்ள சுவர் அலுமாரியில் குளிர் ஜக்கெற்றுகளை மாட்டினேன். நீளமானவை இடப்பக்கம், குட்டையானவை வலப்பக்கம். இரண்டு குளிர்காலம் தொடாததை யாருக்காவது கொடுத்துவிடுவது என் வழக்கம். அந்த அலுமாரிக்குள்தான் என் சின்னம்மாவின் மகன் தன் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தான்.

அவன் பாரிஸில் வளர்ந்தவன். படிப்பை விட்டதில் தகப்பனோடு முறுகிக்கொண்டு, ஒரு குளிர்காலம் கடல் தாண்டி எங்கள் அஜின்கோர்ட் வீட்டில் வந்து தங்கினான். பிரெஞ்சில் ராப் பாடுவான். எதிரொலி இல்லாத இடம் தேடி வீடெல்லாம் கைதட்டிப் பார்த்தவன், கடைசியில் எங்கள் கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே மைக்கை மாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஃபிரிட்ஜ் இரைகிறதென்று அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுவான். “தம்பி, உன்ர பாட்டு முடிய முதல் என்ர மீன் நாறிப்போகும்!” என்று என் மனைவி கதவில் தட்டுவாள். “இன்னும் ஒண்டு, மச்சாள்” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அவன் வாழ்க்கையே அப்படித்தான் போயிற்று. ஆண்டுக்கு ஓர் இசைத்தட்டு, சில ஆண்டுகளில் இரண்டு. முதலாவதைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் நிலைய வாசல்களில் விற்றவனுக்கு, பிறகு பெரிய அரங்குகள் நிறைந்தன. தங்கத்தட்டு விருதுகள் வந்தன. கோபித்திருந்த தகப்பனே அவற்றைச் சுவரில் மாட்டினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் எல்லாவற்றையும் வெளிவந்த ஒழுங்கில் அடுக்கி வைத்திருக்கிறேன், கேட்டும் இருக்கிறேன். வரவர அவன் குரல் மிகவும் துப்புரவாகிவிட்டது. முதல் தட்டில் மட்டும், பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவதுபோல் இருக்கும்.

நான் ஜக்கெற்றுகளை மாட்டிய அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவன் வந்தான். முதல்நாள்தான் டவுன்டவுனில் அவனுடைய நிகழ்ச்சி நடந்திருந்தது. சாப்பிட்டபின் கையைக் கழுவாமலே இருந்து சொன்னான்: “அண்ணை, புதுத் தட்டுக்கு ஒரு பாட்டுக் குறையுது. ஆறு மாசமா வரேல்லை. எதைப் பாடினாலும் முந்திப் பாடினது மாதிரியே கிடக்கு. உதோட முடிஞ்சுதோ எண்டு பயமாக் கிடக்கு.”

கையைக் கழுவிவிட்டு நேரே அலுமாரிக்குள் போனான். ஒரு வரி பாடினான், வெளியே வந்துவிட்டான். கம்பளிக் கோட்டுகளை நான் எப்போதோ கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பவை இறகு அடைத்த நைலோன் ஜக்கெற்றுகள், மூச்சுவிட்டாலே சரசரக்கும்.

“என்ன அண்ணை, சிப்ஸ் பைக்குள்ள நிண்டு பாடுற மாதிரியெல்லே கிடக்கு!”

“பாரிஸில சொந்த ஸ்ரூடியோ கட்டினவருக்கு எங்கட அலுமாரி கேக்குதாம்” என்று சொல்லிக்கொண்டே, வீட்டில் இருந்த தடித்த போர்வைகள் அத்தனையையும் என் மனைவி தூக்கி வந்தாள். காலையில் ஒழுங்காக மாட்டிய ஜக்கெற்றுகளை அள்ளிச் சோபாவில் போட்டேன். இருவரும் போர்வைகளைத் தொங்கவிட்டோம். அவன் பழையபடி ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

நாங்கள் வெளியே நிலத்தில் இருந்தோம். முதலில் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தது. ஒருமுறை பிரெஞ்சில் ஏதோ திட்டினான். அது மட்டும் விளங்கியது. பிறகு குரல் நிற்காமல் ஓடத் தொடங்கியது. அடிக்கடி மூச்சு வாங்கியது. மனைவி என் முழங்கையில் இடித்தாள். “உது பழைய ஆள்தான்” என்றாள்.

பாட்டு முடிந்தது. சிறிது பொறுத்துக் கதவில் தட்டினாள். “தம்பி, வந்திட்டுதோ?”

“வந்திட்டுது. இன்னும் ஒண்டு, மச்சாள்.”

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, மறந்துபோய்க் கிடந்த ஃபிரிட்ஜ் பிளக்கைச் செருகினேன். மீனை முகர்ந்து பார்த்த மனைவி, உடனே முழுவதையும் சட்டியில் ஏற்றினாள். ஜக்கெற்றுகளைச் சோபாவிலேயே விட்டுவிட்டேன். போர்வைகளை நான் கழற்றவில்லை.