கீச்சு வாங்கிய பூட்ஸ்

அந்தக் குதிரை லாயத்தில் அவரைத் தேடிக்கொண்டு யாரும் அலைய வேண்டியதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். இடது பூட்ஸ் 'கீச்' என்னும்; வலது பூட்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு 'க்ரீச்' என்னும். முழங்கால் வரை ஏறும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, ஒட்டு எவ்வளவு என்று செய்தவனே வந்தாலும் சொல்ல முடியாது. லாயத்தில் அவருக்குக் கீச்சு என்றே பெயர் விழுந்துவிட்டது.

பெயர்தான் கீச்சு. மனுஷர் சரியான கல்லுளிமங்கன். சாணி அள்ளுவது, வைக்கோல் விரிப்பது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாம் வாயே திறக்காமல் நடக்கும். ஒரு கேள்வி கேட்டால் ஒரு தலையாட்டல். இரண்டு கேள்வி கேட்டாலும் அதே தலையாட்டல்தான், நாம்தான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவர் மனசுக்குள் ஒரே ஓர் ஆசையை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டிருந்தார். சிடுமூஞ்சி மேல் ஏறி, தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். சிடுமூஞ்சி என்பது லாயத்தின் கறுப்புப் பெண்குதிரை. பெயருக்கு ஒரு குறையும் வைக்காது. தன் பக்கத்தில் அண்ட விடுகிற ஒரே ஆள் கீச்சு என்பதால், அவருக்குத் தலைகால் புரியாத பாசம் அதன் மேல். மற்றக் குதிரைகளைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிப்போகும் சாக்கில் சவாரியும் பழகி வைத்திருந்தார்.

பழைய சவாரிக்காரர் வேறு வேலைக்குப் போனதும் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டார்.

"சிடுமூஞ்சியை இனிமே நீங்களே ஓட்டலாம். ஆனா இந்த பூட்ஸோட ஏறக் கூடாது. குதிகாலே தேஞ்சு போச்சு பாருங்க. சேணத்துல தொங்கற அங்கவடிக்குள்ள கால் முழுசா நுழைஞ்சு மாட்டிக்கிச்சுன்னா, தரதரன்னு இழுத்துக்கிட்டு ஓடிடும். நல்லதா வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை காலைல வந்து பாக்கறேன். ஒத்து வரலேன்னா வெளியாளைத்தான் போடணும்."

கீச்சு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு கல்யாணமே நடந்துகொண்டிருந்தது, வெளியே யாருக்கும் தெரியவில்லை.

பூட்ஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? சவாரிக்கென்று பளபளப்பாக விற்பதை லாயத்துக்குள் போட்டால், குதிரை மூத்திரம் பட்டுப் பசை விட்டு, சீக்கிரமே முதலை மாதிரி வாயைப் பிளந்துவிடும். லாயத்துக்கென்று விற்பதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. கீச்சுக்கு இரண்டுக்கும் ஒன்றே வேண்டும். அதற்கு ஆயத்தமாகத்தான் கடைக்குப் போனார். வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கிய பூப்போட்ட துணிப்பையை எடுத்து, அதில் ஓர் அங்கவடியையும் ஒரு பாட்டிலையும் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் வாய் ஓயாதவர். "நாலடி நடந்து பாருங்க சார், ராஜா மாதிரி இருக்கும்," என்றார். கீச்சு நடக்கவில்லை. குந்தி உட்கார்ந்தார், எழுந்தார், இல்லாத சாணியை இல்லாத மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினார். பிறகு அங்கவடியைத் தரையில் வைத்து அந்த இரும்பு வளையத்துக்குள் ஒவ்வொரு பூட்ஸாக நுழைத்துப் பார்த்தார். பள்ளம் பள்ளமான அடிப்பாகம் கொண்டது சிக்கிக்கொண்டது, தள்ளிவிட்டார். குதிகால் இல்லாதது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அதையும் தள்ளிவிட்டார். கடைசியில் கணுக்கால் மூடிய, அளவான குதிகால் வைத்த, சுற்றிலும் கனத்த நூலால் தைத்த பழுப்புத் தோல் பூட்ஸ் ஒன்று சரியாக வந்து நின்றது.

பாட்டிலை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"அடடே, டீ கையோட கொண்டு வந்துட்டீங்களா?" என்று கடைக்காரர் உரிமையோடு மூடியைத் திறந்து முகர்ந்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "என்னய்யா இது?"

"குதிரை," என்றார் கீச்சு. அதற்கு மேல் விளக்கம் இல்லை. தையல் ஓரத்தில் நாலு சொட்டு விட்டு, துடைத்து, மோந்து, வளைத்துப் பார்த்துத் தலையாட்டினார். கடைக்காரர் கையை முழுசாக நீட்டி அதைப் பொட்டலம் கட்டினார். வேறென்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை.

மறுநாள் காலை புது பூட்ஸோடு லாயத்துக்குள் நுழைந்தார். தினமும் வரிசையாகத் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும் குதிரைகளில் ஒன்றுகூட அசையவில்லை. இத்தனை வருஷமாகத் தீனி போட்டது பூட்ஸ்தான் என்று அவை நினைத்திருக்கும் போல. சத்தமே இல்லாமல் பின்னால் போய் நின்றவரைக் கண்டு சிடுமூஞ்சி பதறிப்போய் ஓர் உதை விட்டது. வாளி பறந்தது. நல்லவேளை, வாளியோடு போயிற்று. அன்று முழுக்க அது அவரைக் கிட்டே சேர்க்கவில்லை. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

நொந்துபோய் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி தையல்காரி. தெருமுனையில் 'கீச்' கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு அடுப்பில் டீயை வைப்பது வழக்கம். இன்று சத்தம் ஏது? மிஷினுக்கு முன் உட்கார்ந்து அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ வேறக்கா. இந்த மனுஷனோட குடித்தனம் பண்றதும் சுவத்தோட குடித்தனம் பண்றதும் ஒண்ணுதான். சுவத்துல ஆணியாவது அடிக்கலாம்!"

கீச்சு தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். "ஐயோ, திருடன்!" என்று அவள் வீசிய பட்டன் டப்பா நெற்றியில் பட்டுத் திறந்து, வீடெங்கும் பட்டன்கள் சிதறி ஓடின.

இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினார்கள். "வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் அவள். கீச்சுக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய பூட்ஸ் எங்கே என்று சாடையில் கேட்டார். "குப்பை வண்டில போட்டாச்சு. நாத்தம் தாங்கல," என்றாள்.

புது பூட்ஸைக் கீச்சிட வைக்க அவர் படாத பாடு பட்டார். தண்ணீரில் ஊற வைத்தார், வெயிலில் காய வைத்தார், மணலில் நடந்தார். நல்ல பூட்ஸ், எதற்கும் அசையவில்லை. பார்த்துப் பார்த்து வாங்கிய லட்சணம்!

வெள்ளிக்கிழமை காலை முதலாளியம்மா லாயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கீச்சு கையில் சேணத்தோடு சிடுமூஞ்சியின் கதவுக்கு முன் நின்றார். அது காதை மடித்தது. இன்று விட்டால் வேறு எவனோ ஒருவன் அதன் மேல் ஏறிப் போவான், இவர் பின்னாலேயே சாணி அள்ள வேண்டும்.

"நான்தான்," என்றார். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

அசையவில்லை.

"நான்தான்னு சொல்றேன்ல? பூட்ஸ்தான் புதுசு." அடுத்து என்ன பேசுவது? கைவசம் இருந்தது ஒரே சேதி. அதையே எடுத்துவிட்டார். "கடைக்குப் போனேன். உன் மூத்திரத்தைத்தான் பாட்டில்ல கொண்டு போனேன். அந்த ஆள் டீன்னு நினைச்சுட்டாரு. மூடியைத் திறந்து..."

வாசலில் நாற்காலி குலுங்கியது. முதலாளியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிடுமூஞ்சியின் ஒரு காது மெதுவாக முன்னால் திரும்பியது. கீச்சு விடவில்லை. பட்டன் டப்பா கதைக்கு வந்தபோது இன்னொரு காதும் திரும்பியது. கடைசியில் அது மூக்கை நீட்டி அவர் தோளில் வைத்துப் பெருமூச்சு விட்டது. கீச்சுக்கு அழுகையே வந்துவிட்டது.

மைதானத்தை மூன்று சுற்று சுற்றினார். அங்கவடியில் கால் கச்சிதமாக நின்றது. "நாளையிலேருந்து நீங்கதான்," என்றார் முதலாளியம்மா. இறங்கின கையோடு அதே பூட்ஸோடு சாணி அள்ளினார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்!" என்றார்.

மிஷின் நின்றது. "எந்த நான்?"

"உன் வீட்டுக்காரன். சவாரி கிடைச்சிருச்சு."

கதவு திறந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க குரலே மறந்து போச்சு," என்றாள். "உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னார். முதலாளியம்மா சொன்னதிலிருந்து ஆரம்பித்து, கடைக்காரர் டீ என்று முகர்ந்ததை நடித்தே காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீ ஆறிப்போனது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, கதவுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா, அந்தப் பாட்டிலை எந்தப் பையில கொண்டு போனீங்க? நான் தைச்ச துணியெல்லாம் வீடு வீடா கொண்டு போய்க் குடுக்கற பையிலயா?"

கீச்சு தலையாட்டினார்.