சீமோன் கதைக்கிறன்

நம்பாதவர்கள் குணவதியிடம் நேரிலேயே கேட்கலாம். ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அதே கட்டடத்தில்தான் இன்னும் இருக்கிறாள். எத்தனை முறை கேட்டாலும் ஒரு சொல் மாறாது.

வயதானவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது அவள் வேலை. போன மாரியில் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய செங்கல் வீட்டில் வேலை கிடைத்தது. அங்கே மிஸ் ஹாரியட் தனியாக இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். வாய் திறந்தால் அப்பாவின் கதைதான்.

அப்பா பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் கர்னல். முதலாம் உலகப் போரில், மீசை அரும்பும் வயதிலேயே, பிரான்சின் சேற்றுக்குள் நின்று பதக்கம் வாங்கியவர். இரண்டாம் போரில் மலாயா. ஜப்பானியர் நெருங்கியபோது தன் ஆட்கள் எல்லோரையும் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசி ஆளாகத்தான் வெளியேறினாராம். பிறகு குடும்பத்தோடு ரொறன்ரோ வந்து, இந்த வீட்டில்தான் கண்ணை மூடினார்.

வன்னியில், ஷெல்லடிக்கு நடுவே, வருவதாகச் சொன்ன வாகனத்தைப் பார்த்துக்கொண்டிருந்து தம்பியைப் பறிகொடுத்தவள் குணவதி. ஆட்களை விட்டுவிட்டு ஓடாத ஒரு மனிதர்! சுவரிலிருந்த கர்னலின் படத்தைத் தினமும் துடைத்து வைப்பாள்.

படத்தின் கீழே ஒரு தோல் பெட்டி. உள்ளே, போர்க்களத்தில் பாவித்த தொலைபேசி. வயர் அறுந்து தொங்கியது.

அன்று பின்னேரம் பனி கொட்டியது. மிஸ் ஹாரியட் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். குணவதி சூப் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

ட்ரிர்ர்ர்...

அவளுடைய கைபேசி இல்லை. கதவு மணியும் இல்லை.

ட்ரிர்ர்ர்...

பெட்டியைத் திறந்தாள். ரிசீவர் நனைந்திருந்தது. செம்மண் ஒட்டியிருந்தது.

காதில் வைத்தாள்.

மழை இரைந்தது. தூரத்தில்... தும்... தும்... அந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிறகு ஒரு குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

"துரை... சீமோன் கதைக்கிறன். லொறி வரேல்லை."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எல்லாரும் இஞ்சதான் நிக்கிறம். நீங்கள் ஏறிப் போனதைக் கண்டனாங்கள்..."

தும்.

"ஒருத்தரையும் ஏத்தேல்லையே. ஏன் துரை?"

படத்தைப் பார்த்தாள். அவள் துடைத்துத் துடைத்து வைத்த முகம்.

"தம்பி, அவர் வரமாட்டார்," என்றாள். "இனிப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ."

மழை மட்டும் கேட்டது.

"அப்ப... நீங்கள் ஆர்?"

மிக அருகில். காதுக்குள்.

ரிசீவர் கையிலிருந்து விழுந்தது.

மிஸ் ஹாரியட் விழித்திருந்தார்.

"மிஸ், சீமோன் என்று யாரையாவது தெரியுமா?" ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மலாயாவில் அப்பாவின் தொலைபேசிக்காரன். சிலோன்காரன். முதல் லொறியில் போனவன்..." சட்டென்று நிறுத்தினார். "அது அடித்ததா?"

குணவதி ஆமென்று தலையாட்டினாள்.

"சாகும்வரை அப்பா அதை எடுத்துப் பேசுவார். எங்களுக்கு விளங்காத மொழி. மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தோம். ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தைதான். எனக்குப் பாடமாகிவிட்டது."

தமிழ் அறியாத அந்த வெள்ளைக்காரக் கிழவி, மெல்ல, எழுத்துப் பிசகாமல் சொன்னார்:

"இப்ப வரும்... இப்ப வரும்..."