வெள்ளை நெக்ரோனி கசக்கவில்லை

என் மகள் பெங்களூரில் ஒரு மதுக்கூடத்தில் பானங்கள் கலக்கிக் கொடுக்கிறாள். உறவினர்களிடம் "ஓட்டல் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறோம், பொய்யில்லை. போன மாதம் காய்ச்சலில் கிடந்தவள், "அம்மா, நாக்குல எதுவுமே தெரியல" என்று போனில் அழுதாள். நாக்கை வைத்துப் பிழைக்கிறவள்.

கே.கே. நகர் வீட்டுக்கு ஓய்வுக்கு வந்தவள் மூன்று பாட்டில்களோடு வந்தாள். ஒன்று ஜின். இன்னொன்று ஏதோ மலைச்செடியின் வேரை ஊறவைத்த பிரெஞ்சு மது. மூன்றாவது ஆரஞ்சுத் தோல் மணக்கும் பிரெஞ்சு ஒயின். பசியெடுக்க அந்த ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக்கு முன் குடிப்பார்களாம். எங்கள் வீட்டில் பசியை யாரும் அப்படிக் கூப்பிட்டு வரவழைத்ததில்லை. மூன்றையும் ஐஸோடு கலக்கினால் வெள்ளை நெக்ரோனி. பெயர்தான் வெள்ளை, நிறம் மஞ்சள். அது நன்றாகக் கசக்க வேண்டும். இவளுக்குக் கசக்கவில்லை. தினமும் சில்வர் செம்பில் கலக்குவாள், ஒரு வாய் வைப்பாள், உதட்டைப் பிதுக்கிவிட்டு ஸிங்கில் ஊற்றுவாள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா படியேறுவதற்குள் நான் ஊதுபத்தி ஏற்றுவேன்.

ஐந்தாம் நாள் மேனேஜரின் போன் வந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம். அவள் பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனாள். கலக்கிய செம்பு என் முன்னால் இருந்தது. பாகற்காய்க் குழம்பைக்கூட வெல்லம் போடாமல் இறக்கிப் பழக்கமில்லாதவள் நான். கை தானாகப் போய்விட்டது.

திரும்பி வந்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"என்னத்தம்மா போட்ட இதுல?"

"நான் என்னத்தப் போட்டேன்?"

"வெல்லம் போட்டிருக்க! இம்புட்டு இனிப்பா..."

அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அவசரமாகப் புதிதாகக் கலக்கிக் குடித்தாள். கண்களை இறுக்கி மூடினாள்.

"கசக்குதும்மா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "உங்கம்மா காப்பியக் குடிச்சிட்டு நானும் இருபத்தேழு வருசமா இதத்தான் சொல்றேன், ஆத்தா. என்னைய யாரு கட்டிப் பிடிச்சா?"

அவள் மேனேஜருக்கு போன் போட்டாள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. உப்பு, புளி, மிளகாய்ப்பொடி என்று எடுத்துவந்து நாக்கை நீட்டச் சொன்னேன்.

"திங்கக்கிழமை வந்துர்றேன் சார். ஆமா சார், நல்லாவே தெரியுது... புளிம்மா. இது உப்பு. போதும், என்னைய விடு! ஐயோ, ஒங்கள இல்ல சார்."